மறுக்கத் தெரியாதவரின் பட்டியல்

அவரிடம் சண்டை போடப் போன யாரும் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியதில்லை. சண்டை என்றால் எதிரில் இருப்பவர் "இல்லை" என்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்பார். அதையும் சும்மா வாய்க்குச் சொல்வதில்லை. கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நம் கஷ்டம் தன் அடிவயிற்றில் போய் இறங்கிவிட்டதைப் போல ஒரு பெருமூச்சு விட்டு, அதற்கப்புறம்தான் சொல்வார். கொண்டுபோன கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நாம் அதை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். என் கோபத்தில் பெரும்பகுதி வீட்டில்தான் செலவானது. அதற்கும் சேர்த்துப் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்கள் சங்கத்துக்கு அவர்தான் எழுத்தர். எழுபதுகளின் தொடக்கம். பேட்டையில் நாங்கள் எல்லோரும் முழங்கை வரை வெள்ளையாகத் திரிவோம். களிமண் தூசு காதுக்குள்கூட இருக்கும். அவர் ஒருவர்தான் சுத்தமாக இருப்பார். வலது கை நடுவிரலில் மட்டும் ஒரு நீல மைக்கறை. வெளிர்நீல அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத. இன்னொன்று, "அத கொஞ்சம் குடுங்க சார்" என்று கேட்பவர்களுக்குக் கொடுக்க. கொடுத்த பேனாவைத் திருப்பிக் கேட்கவும் தெரியாது. வருஷத்துக்கு ஏழெட்டுப் பேனா வாங்குவார்.

ஒருமுறை திட்டக்குடிக்குப் போக பஸ் ஏறியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "இது வேப்பூர் பஸ்ஸாச்சே" என்றிருக்கிறார். பஸ்ஸின் நெற்றியில் திட்டக்குடி என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இவர் ஏறினார். ஆனாலும் "ஆமாங்க, நீங்க சொல்றது சரிதாங்க" என்று இறங்கிவிட்டார். பெரியவர் திட்டக்குடி போய்ச் சேர்ந்தார். இன்னொரு முறை, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டு, ஒரு பந்தியில் சாம்பார் வரையிலும் இன்னொரு பந்தியில் ரசத்திலிருந்தும் சாப்பிட்டார். இரண்டு வீட்டாரும் "சார் மனசு யாருக்கு வரும்" என்று சொன்னார்கள்.

இவ்வளவு இளகிய மனிதரின் கையில்தான் பேட்டையிலேயே கடுமையான காகிதம் இருந்தது. அதுதான் கெடு தவறியவர்கள் பட்டியல்.

சங்கத்தில் யாராவது வாங்கியதைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அவர் பெயர் அதில் ஏறும். கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒன்று சங்கத்து அறிவிப்புப் பலகையில். ஒன்று பாங்கிக்கு. மூன்றாவது பொதுச் சூளைக்கு. பாங்கிப் பிரதியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாங்கியில் நான் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை. சூளைப் பிரதிதான் உயிரை எடுக்கும். பேட்டையில் நாற்பது ஷெட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய சூளை. அவரவர் அச்சில் வார்த்துக் காயவைத்த சாமான்களைச் சுட்ட மண் பெட்டிகளில் அடுக்கி அங்கே கொண்டுபோய் வாடகைக்கு வேக வைப்போம். பட்டியலில் பெயர் இருந்தால் சூளை வாசலில் நம் பெட்டியை இறக்க விட மாட்டார்கள். பீங்கான்காரனுக்குச் சூளை இல்லை என்றால் அவன் வெறும் சேறு பிசைகிறவன்.

என் பெயர் அதில் ஏறிய கதையைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம்தான். ஏனென்றால் அதை என் சாமர்த்தியத்தால் ஏற்றினேன்.

என் மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன். திட்டக்குடியில் ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரி. சங்கத்து உறுப்பினர் வீட்டில் யாருக்காவது வைத்தியம் என்றால், "இவர் கட்டாவிட்டால் நாங்கள் கேட்டு வாங்கித் தருகிறோம்" என்று சங்கம் ஒரு கடிதம் கொடுக்கும். அதைக் காட்டினால் முன்பணம் கேட்க மாட்டார்கள். அந்தக் கடிதத்தை நம்மவர்தான் எழுதிக் கொடுத்தார். "அம்மாவ நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லிப் பஸ்ஸுக்குச் சில்லறைகூடக் கொடுத்தார். மனைவி பிழைத்து எழுந்தாள். பில் நூற்று எண்பத்தாறு ரூபாய்.

கையில் பணம் இல்லை. ஆனால் டாக்டர் மேஜையில் களிம்பு டப்பாக்கள் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். "டாக்டர், பீங்கான் ஜாடி செஞ்சு தரட்டுங்களா? எரநூறு ஜாடி, எரநூறு மூடி. பில்லுக்கு நேரா நேர்" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். பேட்டைக்குத் திரும்பியதும் டீக்கடையில் நின்றுகொண்டு, "ஆஸ்பத்திரிக்கே மண்ணக் குடுத்துட்டு வந்தவன் நான்" என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். ஜாடிகளைச் சுட்டு, பஸ் மேல் போட்டு அனுப்பியும் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் என் பெயர். 'மருத்துவமனைக் கடிதப்படி பாக்கி, ரூபாய் நூற்று எண்பத்தாறு.' அழகான, முத்து முத்தான கையெழுத்து. கடைசி எழுத்துக்கு ஒரு சின்னச் சுழிகூடப் போட்டிருந்தார்.

அப்போது என் ஷெட்டில் நவராத்திரிக்கான பொம்மைகள் முந்நூற்றுச் சொச்சம் பச்சையாக நின்றுகொண்டிருந்தன. செட்டியார் செட்டு, கிருஷ்ணன், யானை, வளைகாப்புப் பெண்கள். கடலூர்க் கடைக்காரர் ஒருவருக்கு. அவர் சரக்கு வந்தால்தான் காசு கொடுப்பார். அச்சுக்கும் மண்ணுக்கும் கூலிக்கும் என்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். கைமாற்று வாங்கக்கூடியவர்கள் எல்லோரிடமும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. நவராத்திரிக்கு ஏழு வாரம். சூளையில் ஏறாத பொம்மை மழை ஈரம் பட்டால் மறுபடி களிமண்தான்.

சங்கத்துக்கு ஓடினேன்.

"சார், நான் பாக்கியே இல்லையே! ஜாடி குடுத்துட்டேனே!"

"குடுத்திருக்கீங்க. எனக்குத் தெரியுமே. பஸ்ஸுல ஏத்தினப்ப பாத்தனே."

"அப்ப என் பேர எடுங்க."

"எடுக்கணும்தாங்க. நியாயம் அதாங்க."

"எடுங்க சார்."

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்று சொல்லிவிட்டு, ஏக்கத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. கால்மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, இந்த விஷயத்தில் இதற்குமேல் எதுவும் நடக்கப்போவதில்லை என்று.

"என்னா சார் செய்யறது?"

"ஒரு மனு எழுதிக் குடுங்க."

"எனக்கு மனு எழுத வராது சார்."

"நான் எழுதித் தரேன்."

எழுதினார். தன்மேல் தானே! 'சங்க எழுத்தர் தக்க விசாரணையின்றி என் பெயரைச் சேர்த்துள்ளார். இது என் மானத்தையும் தொழிலையும் பாதிக்கிறது.' படித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காட்டமா இருக்கணும்" என்று 'பொறுப்பற்ற முறையில்' என்ற வார்த்தையை நடுவில் சேர்த்தார். என்னிடம் கையெழுத்து வாங்கினார். முத்திரை குத்தினார், எண் போட்டார், ரசீது கொடுத்தார். டீ வரவழைத்தார்.

ஐந்தாம் நாள் தபாலில் பதில் வந்தது. சங்கத்துக்கும் என் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். ஜன்னல் வழியே நீட்டியிருந்தால் நான் கையால் வாங்கியிருப்பேன். அதற்குத் தபால் தலை ஒட்டி அனுப்பியிருந்தார். 'மனுதாரர் கூறுவது ஏற்கத்தக்கதே. எனினும், பாக்கி இல்லை என்று மருத்துவமனை எழுத்து மூலம் தெரிவித்தாலன்றிப் பெயரை நீக்க விதியில்லை.' அதே முத்து முத்தான கையெழுத்து. நான் அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு அதில் சாட்சி ஏதாவது இருக்குமோ என்று போய்ப் பொறுக்கி நீவி வைத்துக்கொண்டேன்.

திட்டக்குடிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, கம்பவுண்டர் இருந்தார். "பாக்கி இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றேன். அவர் பேசாமல் ஒரு ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் மூடியை எடுத்து மேலே வைத்தார். மூடி 'டொக்' என்று ஜாடிக்குள் விழுந்தது.

"களிம்ப எடுக்கணும்னா மொதல்ல மூடிய எடுக்கணும்" என்றார். "மூடிய எடுக்க இடுக்கி வேணும். எரநூறும் இப்படித்தான் இருக்குது."

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மண் வேகும்போது சுருங்கும். எல்லா மண்ணும் ஒரே அளவு சுருங்காது. ஜாடிக்கு நல்ல மண் போட்டேன். மூடிக்கு, மூடிதானே என்று, ஷெட்டு மூலையில் கிடந்த மட்டமான மண்ணைப் போட்டேன். அது கூடுதலாகச் சுருங்கிவிட்டது. அனுப்பும்போதே மூடி கொஞ்சம் லூசாக இருந்ததைப் பார்த்தேன். 'கொஞ்சம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேட்டை முழுக்க என் மானம் போய்விட்டது என்று கத்திக்கொண்டிருந்த நான், அந்த மானத்துக்கும் மட்டமான மண்ணைத்தான் போட்டிருக்கிறேன்.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, "ஒங்க சம்சாரத்துக்கு நான் போட்ட தையல் பிரியலல்ல? எனக்குப் பொருந்துற மூடியாக் குடுத்துடுங்க, கடுதாசி குடுத்துடறேன்" என்றார்.

மூடி என்ன பிரமாதம்! இரண்டு நாளில் இருநூறு மூடி வார்த்து, இந்தத் தடவை நல்ல மண்ணில், காயவைத்துவிட்டேன். சூளைக்குக் கொண்டுபோகலாம் என்று கூடையைத் தூக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. பட்டியலிலிருந்து பெயர் போக வேண்டுமானால் மூடி வேண்டும். மூடி வேண்டுமானால் சூளை வேண்டும். சூளை வேண்டுமானால் பட்டியலிலிருந்து பெயர் போக வேண்டும்.

இதைச் சங்கத்துக்குப் போய் அவரிடம் விரல்விட்டு விளக்கினேன். கூடவே என் மனைவியும் வந்தாள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள்தான். அவற்றை அவள் பிள்ளைகளைவிட ஜாக்கிரதையாகப் பார்ப்பாள்.

"அடடா" என்றார் அவர். உண்மையிலேயே கண் கலங்கியது. "இப்படி ஒண்ணு இருக்குதுன்னு நான் யோசிக்கவே இல்லீங்களே. ரொம்ப அநியாயம்ங்க."

"அநியாயம்னு தெரியுதுல்ல சார்?" என்றாள் மனைவி. "அப்ப மூடிய மட்டும் சூளையில வுடுங்க. பொம்மை அப்பறம் இருக்கட்டும்."

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்கம்மா."

"வுடுவீங்களா?"

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை நேராக அடுக்கினார்.

"ஏன் சார், நீங்க யாருகிட்டயாவது ஒரு நாளாவது முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கீங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "சொன்னா அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடுதுங்கம்மா. என்னால அத பாக்க முடியாது. அதான் எழுதி அனுப்பிடறது."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "இந்த ஆளு ஓங்கி ஒரு அறை குடுத்திருந்தாக்கூட வூட்டுக்குப் போயி சோறு பொங்கியிருப்பேன். இப்ப பாருங்க, அவருக்காக நான் வருத்தப்பட்டுக்கிட்டு வரேன்."

எனக்குப் பக்கத்து ஷெட்டு பாயுடையது. கப்பும் சாசரும் செய்வார். நான் மூன்று வாரமாகப் புலம்பியதில் பாதியைக் கேட்டவர் அவர்தான்; மீதியை அவர் தூங்கிக்கொண்டே கேட்டார். ஒரு காலை வந்து, "மூடியக் கொண்டா. என் பெட்டியில ரெண்டு காலியா இருக்குது" என்றார்.

"பாய், அடுத்தவன் சரக்க உங்க நம்பர்ல வுட்டா உங்க ஷெட்டுக்கு ஆறு மாசம் சூளை கெடையாது. பேரும் பட்டியல்ல ஏறிடும்."

"ஏறட்டும்யா. தனியா இருக்குறியே, உனக்கும் தொணையாச்சு."

"பாய், வெளையாடாதீங்க."

"நீ எப்பவாவது வெளையாடாம இருந்திருக்கியா? மூடியக் குடுய்யா."

சூளை ஏற்றும் நாளில் வாசலில் நம்மவர் பெரிய நோட்டோடு நிற்பார். எந்த ஷெட்டு, என்ன சரக்கு, எத்தனை பெட்டி என்று எழுதிய பிறகுதான் உள்ளே போகும். பாயின் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. கப்பு, கப்பு, சாசர், கப்பு. பிறகு அந்த இரண்டு பெட்டி. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் உடம்பு அந்தத் தொட்டியைவிட அகலம் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அவர் ஒரு மூடியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பாய் வாழ்நாளில் ஒரு ஜாடி செய்ததில்லை. ஜாடி இல்லாதவருக்கு எதற்கு மூடி? அவர் பாயைப் பார்த்தார். பிறகு தொட்டிப் பக்கம் பார்த்தார். எங்கள் கண்கள் சந்தித்தனவா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என் சரக்குதான் சார்" என்றார் பாய்.

"நீங்க சொல்றது சரிங்க பாய்" என்று சொல்லி, எழுதினார்.

அன்று சாயந்தரம் நான் அவரை மனதுக்குள் கும்பிட்டேன். மூன்றாம் நாள் மூடிகள் வெந்து வந்தன. ஒவ்வொன்றும் 'கிளிக்' என்று உட்கார்ந்தது. திட்டக்குடிக்குத் தலையில் சுமந்தே போயிருப்பேன். கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். டாக்டர் கடிதம் கொடுத்தார். 'ஜாடிகளும் பொருத்தமான மூடிகளும் பெறப்பட்டன. பாக்கி எதுவும் இல்லை.' கடிதத்தைச் சட்டைக்குள் பனியனுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். நவராத்திரிக்குப் பதினாறு நாள்.

சங்கத்தில் அவர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார். பிறகு அந்தப் பெரிய நோட்டை எடுத்தார்.

"பணமாக் கட்டியிருந்தா கடுதாசியே போதுங்க. சரக்காக் குடுத்ததால, சரக்கு உங்களுதுதான்னு சூளை நோட்டோட சரிபாத்து நான் எழுதணும். அப்பதான் தலைவர் கையெழுத்துப் போடுவாரு." விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டே வந்தார். "மூடி, ரெண்டு பெட்டி. இதோ இருக்குதுங்க. ஆனா பாய் ஷெட்டு நம்பருல்ல இருக்குது?"

"சார்!"

"மூடி பாய் குடுத்ததா இருக்குதுங்க. ஆஸ்பத்திரிப் பாக்கி உங்களுது."

"சார், அது என் மூடின்னு உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுதானே எழுதினீங்க!"

"பாய் சொன்னாருங்களே. அவரு சொல்றப்ப நான் எப்படிங்க…"

நான் அன்றைக்குப் பேசியதை எழுத முடியாது. வாழ்க்கையில் எதையும் சிரித்துக் கடப்பவன் என்று பேர் எடுத்தவன் நான். அன்று அவர் மேஜைமேல் இருந்த கோந்து பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது உடையாமல் உருண்டு வந்து என் காலிலேயே பட்டது. நொண்டிக்கொண்டே கத்தினேன். "ஆமாம் ஆமாம்னு சொல்லிச் சொல்லியே ஒருத்தனக் குழியில எறக்க முடியும்னு உங்ககிட்டதான் சார் பாத்தேன்! வேணாம் சார். எனக்கு சூளையும் வேணாம், பேரும் வேணாம். பொம்மைங்கள மழையில வெச்சுடறேன், கரைஞ்சு போவட்டும்!"

சத்தம் கேட்டுப் பாய் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு நிமிஷம் தாடியைத் தடவினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு தாள் குடுங்க சார். அந்த மூடி இவனுதுதான், நான்தான் என் நம்பர்ல ஏத்தினேன்னு எழுதிக் குடுத்துடறேன். முடிஞ்சுது கத."

"பாய், வேணாம்" என்றேன். "ஆறு மாசம் என்னா பண்ணுவீங்க?"

"தூங்குவேன். நீ பொலம்பறதக் கேட்டுக் கேட்டு நல்லாப் பழகிப்போச்சு."

எழுதினார். பேனா அவருடையது இல்லை, நம்மவருடைய இரண்டாவது பேனா. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவர் வாங்கவில்லை.

கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்தது. பாயின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஜுரம் கண்டவர் மருந்தைத் தள்ளுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"முடியாதுங்க."

பாய்க்கு விளங்கவில்லை. "என்னா சார்?"

"முடியாதுங்க பாய். நான் இத வாங்க மாட்டேன்."

எனக்குத் தெரிந்து அவர் ஒருவர் முகத்துக்கு நேராக மறுத்தது அப்போதுதான். பாயின் முகம் ஒரு மாதிரிதான் ஆனது. அதை அவர் பார்க்கவில்லை. பெரிய நோட்டைத் தன் பக்கம் இழுத்து, மூடி வரியின் ஓரத்தில் எழுதத் தொடங்கியிருந்தார். ஏழெட்டு வார்த்தை. அந்த முத்துக் கையெழுத்து முதல் தடவையாகக் கோணியது. எழுதி முடித்து நோட்டை மூடிவிட்டு, "நாளைக்குப் பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். பாயின் தாளைப் பாயே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பலகையில் புதுப் பட்டியல். என் பெயர் இல்லை. சூளை வாசலில் என் பெட்டிகள் இறங்கின. மனைவி கூடவே நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணினாள். முந்நூற்றுச் சொச்சத்தில் பதினேழு பொம்மை விரிசல் விட்டது. அதில் பன்னிரண்டு செட்டியார்கள். நவராத்திரிக்கு நான்கு நாள் இருக்கும்போது சரக்கு கடலூர் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர், "லேட்டு, லேட்டு" என்று சொல்லியே பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார். இருந்தாலும் காசு வந்தது. கடன்காரர்கள் என்னைப் பார்த்துத் திரும்பவும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவர் நோட்டில் என்ன எழுதினார் என்பது தீபாவளி கழிந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் சூளையில் தீப்போடுகிறவர் போகிறபோக்கில் சொல்லித்தான். 'ஷெட்டு எண்ணைக் கவனக்குறைவால் மாற்றி எழுதியது என் பிழை.' அப்படித்தான் எழுதியிருந்தாராம். அதற்காகச் சங்கத் தலைவர் அவருடைய பணிப் பதிவேட்டில் 'கவனக்குறைவானவர்' என்று எழுதி, அந்த வருஷச் சம்பள உயர்வையும் நிறுத்திவிட்டாராம். பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிய மனிதர். ஒரு புள்ளி தப்பாக வைக்காதவர்.

எனக்குத் தூக்கம் போயிற்று. நானே ஒரு மனு எழுதினேன். எனக்கு மனு எழுத வராது என்பதால் நாலு நாள் ஆயிற்று. அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தால் அவரே முத்திரை குத்தி அவரே பதில் எழுதிவிடுவார் என்று, மனைவியும் நானும் நேராகத் திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கம் தலைவரின் வீட்டுக்கே போனோம். தலைவர் களத்தில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, காயப்போட்டுக்கொண்டிருந்தார். மனுவை வாங்காமலே, "எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்" என்றார்.

"அவரு மேல தப்பே இல்லீங்க. அந்த எழுத்த எடுத்துடுங்க" என்றேன்.

"தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நாப்பது ஷெட்டு நம்பரையும் தூக்கத்துல சொல்லுவான் அவன்."

"அப்பறம் ஏன்ங்க?" என்றாள் மனைவி.

"ஒக்காரும்மா" என்றார் தலைவர். மல்லாட்டையைக் கையால் துழாவிக்கொண்டே பேசினார். "அவன் தப்பா எழுதிட்டான்னு இருக்கறவரைக்கும்தான் அந்த மூடி ஒன் புருஷனோட மூடி. அவன் சரியாத்தான் எழுதினான்னு ஆக்கிட்டா, மூடி திரும்பவும் பாயோடது. அப்ப இவரு பேரு திரும்பப் பட்டியலுக்குப் போவணும். பாய் பேரும் கூடவே போவணும். நானே போன மாசம் மனசு கேக்காம எடுத்துடறேன்டான்னு சொன்னேன். அவன் என்னா சொன்னான் தெரியுமா?"

ஒரு மல்லாட்டையை எடுத்து விரலால் உடைத்தார்.

"வேணாம்னுட்டான். மூஞ்சிக்கு நேரா. இத்தன வருஷத்துல எங்கிட்ட அவன் அப்படிச் சொன்னதே இல்ல."

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். மனு என் கையில் வேர்வைபட்டு ஈரமாகியிருந்தது. மனைவி அதை வாங்கி, நான்காக மடித்து, சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவரப் பாத்தா என்னா சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். விருத்தாசலம் போய்ச் சேரும்வரை யோசித்தேன்.